ஹெர்பர்ட் இங்கிரம்

ஹெர்பர்ட் இங்கிரம் (மே 27, 1811 - செப்டம்பர் 8, 1860) ஓர் ஆங்கிலேயப் பதிப்பாளரும் அரசியல்வாதியும் ஆவார். உலகின் முதல் படவிளக்கச் செய்தி வார இதழாகக் கருதப்படும் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இவரால் தொடங்கப்பட்டதாகும்.

இளமையும் தொழிலும்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகரில் (இது அமெரிக்க நகரம் அன்று) ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். 14 ஆவது வயதில் அச்சகமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். 1834 இல் மைத்துனர் நத்தானியேல் குக்குடன் நாட்டிங்ஹாமில் அச்சகமும் செய்தித்தாள் விற்பனையும் தொடங்கினார். படங்கள் வெளியாகும் நாட்களில் தாள்கள் கூடுதலாக விற்பதை அங்கேயே கண்டறிந்தார்.

இதழுக்கான முதல் பெருமளவு மாத்திரை விற்பனையில் கிடைத்தது. 152 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட தாமஸ் பார் என்னும் முதியவரின் பெயரில், நீண்ட ஆயுள் தருவதாக விளம்பரப்படுத்தி இவர் அதனை விற்றார். உண்மையில் அது ஒரு மலமிளக்கியே.

இதழும் விளம்பரமும்

முதல் இதழ் மே 14, 1842 இல் 16 பக்கங்கள், 32 படங்களுடன் 6 பென்ஸ் விலையில் வெளிவந்தது. விளம்பரத் தட்டிகளைச் சுமந்த 200 பேர் லண்டன் தெருக்களில் நடக்கவைக்கப்பட்டனர். சுமார் 26,000 படிகள் விற்பனையாயின.

படங்கள் கடினமான மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டன. பெரிய படம் பல சிறு கட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, செதுக்குநர் பலரிடம் கொடுக்கப்பட்டுப் பின்னர் ஒன்றாகப் பூட்டப்பட்டது. இதற்கு மாறாக விளம்பரங்கள் பெரும்பாலும் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்டன. 1853 வரை ஒவ்வொரு விளம்பரத்துக்கும், அதன் அளவு எதுவாயினும், 1 ஷில்லிங் 6 பென்ஸ் வரி இருந்தது.

எனினும் மிகைப்படுத்தல் விளம்பரங்களில் மட்டுமே இருந்தது எனக் கருதுவதற்கில்லை. முதல் இதழில் இடம்பெற்ற ஹாம்பர்க் தீ விபத்துப் படத்தை வரைந்தவர் அந்நகருக்குச் செல்லவில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த பழைய நகரக் காட்சி ஒன்றின் மீது தீயும் புகையும் சேர்க்கப்பட்டன. மாத்திரை விளம்பரத்தை ஐயத்துடன் படித்த வாசகரும் இப்படத்தை ஐயுற்றிருக்க மாட்டார். பிற்காலத்தில் இவ்விதழ் ஓவியர்களைக் களத்துக்கே அனுப்பியது. கிரிமியப் போர்ச் செய்திகள் இதற்குச் சான்று.

1855 இல் செய்தித்தாள் முத்திரை வரி நீக்கப்பட்டதும் விற்பனை மேலும் உயர்ந்தது.

அரசியலும் இறப்பும்

1856 இல் பாஸ்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்நகருக்குக் குழாய்க் குடிநீர் கிடைக்கச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். 1860 இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் லேடி எல்ஜின் என்னும் நீராவிக் கப்பல் பாய்க்கப்பல் ஒன்றுடன் மோதி மூழ்கியதில் மூத்த மகனுடன் உயிரிழந்தார். இவரது உடல் பாஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கு 1862 இல் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. இதழைக் குடும்பத்தினர் தொடர்ந்து நடத்தினர். அது 1971 வரை வார இதழாக வெளிவந்து, 2003 இல் நின்றது.