பகைமைக்குப் பணிவிடையால் விடை தந்தவர்



கல்முனைக்கு அருகே சவளக்கடையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் மண்ணில், நீங்கள் சிறு மந்தையாக விசுவாசத்தைக் காத்து வருகிறீர்கள். 2019 ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று நம் நாட்டின் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபோது, சிலர் செய்த கொடுமைக்காக அயலவர் அனைவரையும் ஐயத்தோடு நோக்கும் சோதனை பலருக்கு ஏற்பட்டது. வெறுப்பின் நடுவே கிறிஸ்தவன் எவ்வாறு வாழ வேண்டும்? புனித யோசப்வாஸ் அடிகளாரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள்.

அவர் 1651 ஏப்ரல் 21 ஆம் நாள் கோவாவில் பிறந்தார். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்தனர். குருவானவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்பது அவர்களது கட்டளை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மக்கள் குருவானவரின்றித் தவித்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யோவான் என்னும் பணியாளரோடு கடல் கடந்து 1687 இல் யாழ்ப்பாணம் வந்தார்.

வந்தவுடன் கடும் நோய் அவரை வாட்டியது. நலமடைந்தபின் கழுத்தில் செபமாலை அணிந்து, பிச்சைக்காரர்போல் வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டவர்களின் முகக்குறிப்பால் கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். பகலில் சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றினார். 1689 இல் கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த விசுவாசிகளைக் கைது செய்தனர். அவர்களுள் டொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர்நீத்தார். அடிகளார் தப்பினார், ஆயினும் தம் பணியைக் கைவிடவில்லை.

1692 இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற பொய்க் குற்றச்சாட்டால் சிறைப்பட்டார். அங்கும் அவர் சோர்ந்துவிடவில்லை. சிறையிலேயே சிங்கள மொழியைக் கற்றார். அவரது நேர்மையைக் கண்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், நாளடைவில் தன் நாடெங்கும் பணிபுரிய அவருக்கு அனுமதி அளித்தான்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோய்க்கு அஞ்சிப் பலர் நகரைவிட்டு ஓடினர். உறவினரும் நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ தம் மருமகனான அருட்தந்தை யோசேப் கர்வாலோவுடன் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோரின் புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். தம்மைச் சிறையிலிட்ட நகரத்தின் மக்களுக்கே, மத வேறுபாடு பாராமல் இப்பணிவிடையைச் செய்தார். பகைமைக்கு அவர் அளித்த விடை இதுவே.

இங்கே நாம் மறக்கலாகாத மற்றோர் உண்மையும் உண்டு. கத்தோலிக்கரான போர்த்துக்கேயர் 1626 இல் முஸ்லிம்களைக் கரையோரத்திலிருந்து வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்கில் குடியமர்த்தினான். பின்னாளில் ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பிய கத்தோலிக்கரும் அதே கண்டி இராச்சியத்தில் அடைக்கலம் கண்டனர். ஆகவே துரத்தப்பட்ட வேதனை உங்கள் அயலவரின் முன்னோருக்கும் உங்கள் முன்னோருக்கும் பொதுவானது. அவர்களுக்கு அந்த வேதனையை விளைவித்தவர்கள் நம் மறையைச் சார்ந்தவர்கள் என்பதையும் தாழ்மையோடு ஏற்றுக்கொள்வோம்.

ஏறத்தாழ 24 ஆண்டுகள் இலங்கையில் உழைத்த அடிகளார், 1711 சனவரி 16 ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் இல்லத்தில் மாலைச் செபம் சொல்லும்போது, உங்களை நோகச் செய்த ஒருவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அயல்வீட்டில் ஒருவர் நோயுற்றால், அவர் எம்மதத்தவராயினும் முதலில் சென்று உதவுங்கள். வெறுப்புக்கு வெறுப்பால் விடை கூறாத மனவலிமையை, புனித யோசப்வாஸின் மன்றாட்டால் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.