நாவலர் விட்டதும் கொண்டதும்

நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலரவர்கள், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்கள். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தார்கள். வேதனமும் மதிப்பும் உள்ள வேலை. அதனை 1848 இல், தம் இருபத்தைந்தாம் வயதிலே துறந்தார்கள். அவ்வாண்டே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள்.

விட்டது வேலையை மாத்திரமே. படிமுறையாக அமைந்த பாலபாடங்கள், அச்சுக்கூடம், வாரந்தோறும் பிரசங்கம், உரைநடையிலே நிறுத்தக்குறிகள் எல்லாம் மிஷனாரிடம் கண்டு, சைவத்துக்கு ஆக்கிக்கொண்டவை. சிலர் இதைச் சொல்லக் கூசுவர். மிஷன் பாடசாலையிலே படித்த நாம் கூசவில்லை.

சைவப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்காகப் பிறரிடம் போவதைக் கண்டு 1872 இல் சைவ ஆங்கில வித்தியாசாலையொன்றையும் நிறுவினார்கள். பொருள் முட்டுப்பாட்டினால் அது நாலாண்டளவிலே மூடப்பட்டது. ஒருவர் தோளிலே அது நில்லாதெனப் பின்வந்தோர் உணர்ந்தனர் போலும். 1888 இல் சைவபரிபாலன சபையாகக் கூடினர். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையாரின் பொறுப்பிலே நடக்கலாயிற்று.

இத்தனை துணிவுடையவர்கள் சாதிவேற்றுமையை மட்டும் விடவில்லை. தம் நூல்களிலும் வலியுறுத்தினார்கள். அது ஊரெங்கும் இருந்த வழக்கந்தானே என்பர். ஊர் வழக்கத்துக்கு அஞ்சி நடந்தவர்களா நாவலரவர்கள்? பெரியோர் பொறுத்தருள்க; அத்தெரிவு பிழையென்றே நாம் கருதுகின்றோம். அவர்கள் 1879 இல் மறைந்தார்கள். அதற்கு 89 ஆண்டுகளின் பின், 1968 இலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே விடும்படி கேட்டு மக்கள் நிற்கவேண்டியிருந்தது.