சர் ஜான் மரே

சர் ஜான் மரே (மார்ச் 3, 1841 – மார்ச் 16, 1914) கனடாவில் பிறந்த இசுக்காட்லாந்தியக் கடலியலாளர் ஆவார். ஆழ்கடல் தரையில் படிந்துள்ள சேறுகளையும் கனிமங்களையும் முறையாக வகைப்படுத்தியவர். இந்தியா உள்ளிட்ட நாடுகள் இன்று ஆய்வு உரிமை பெற்றுள்ள மாங்கனீசு முடிச்சுகளைப் பற்றிய முதல் விரிவான நூலை, பெல்சிய நிலவியலாளர் அல்போன்சு ரெனாருடன் இணைந்து எழுதினார்.

இளமை

ஒண்டாரியோ மாகாணத்தின் கோபூர்க் நகரில், இசுக்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். பதின்ம வயதில் இசுக்காட்லாந்துக்குச் சென்று, பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பட்டம் பெறவில்லை. ஆயினும் 1868 இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மருத்துவராக ஆர்க்டிக் கடலுக்குச் சென்றுவந்தார்.

சாலஞ்சர் பயணம்

1872 டிசம்பரில் புறப்பட்ட சாலஞ்சர் ஆய்வுக் கப்பலில் இயற்கையியலாளராகும் வாய்ப்பு, வேறொருவர் விலகிக்கொண்டதால் இவருக்குக் கிடைத்தது. 1873 பெப்ரவரி 18 அன்று கானரித் தீவுகளுக்குத் தென்மேற்கே கடற்தரையை வாரிய வலையில் கருநிறக் கட்டிகள் சில வந்தன. கப்பலின் வேதியியலாளர் புக்கானன், அவை பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு எனக் கண்டறிந்தார். பின்னர் பசிபிக் பெருங்கடலில் உருளைக்கிழங்கு அளவிலான முடிச்சுகள் ஏராளமாகக் கிடைத்தன. சிலவற்றை உடைத்தபோது நடுவில் சுறாவின் பல்லோ திமிங்கிலத்தின் காது எலும்போ இருந்தது. அச்சுறாக்களுள் சில எப்போதோ அற்றுப்போன இனங்களைச் சேர்ந்தவை. அப்பற்கள் இன்னும் சேற்றில் புதையாமல் கிடப்பதைக் கொண்டு, அங்கு படிவு மிக மெதுவாகவே சேர்கிறது என மரே முடிவு செய்தார். முடிச்சுகள் பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன என்பது பிற்காலத்தில் அளந்தறியப்பட்டது.

கப்பல் 1876 மே மாதம் திரும்பியது. தலைவர் வைவில் தாம்சன் 1882 இல் இறந்தபின், அறிக்கைகளை வெளியிடும் பொறுப்பு மரேயிடம் வந்தது. 50 தொகுதிகள் 1895 இல் நிறைவுற்றன. இதற்குத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். 1891 இல் வெளிவந்த ஆழ்கடல் படிவுகள் பற்றிய தொகுதியில் ஒரு புதுமை உண்டு: மாங்கனீசு எங்கிருந்து வந்தது என்பதில் அதன் ஆசிரியர் இருவருமே உடன்படவில்லை. எரிமலைப் பொருள்கள் சிதைவதால் வந்தது என்றார் மரே. கடல்நீரில் கரைந்திருந்ததே படிந்தது என்றார் ரெனார். கடல்நீரிலிருந்தும் சேற்றிடை நீரிலிருந்தும் உலோகங்கள் படிகின்றன என்பது இன்றைய கருத்து. அவ்வகையில் ரெனாரின் கருத்தே உண்மைக்கு நெருக்கமானது.

கிறித்துமசுத் தீவு

முடிச்சுகளால் மரேக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை. பாசுபேட்டால் கிட்டியது. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறித்துமசுத் தீவிலிருந்து 1887 இல் கொண்டுவரப்பட்ட பாறைத் துண்டுகளில் பாசுபேட்டு இருப்பதை இவர் கண்டார். 1888 இல் பிரித்தானியா தீவை இணைத்துக்கொண்டது. 1897 இல் மரேயின் பங்கேற்புடன் சுரங்க நிறுவனம் தோன்றியது. சாலஞ்சர் பயணத்துக்கு ஆன செலவைவிடக் கூடுதலான தொகை இத்தீவிலிருந்து அரசுக்கு வந்துவிட்டது என்று மரே காட்டினார். ஆனால் சுரங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் பெரிபெரி நோயால் சீனத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அந்தக் கணக்கில் இது சேராது.

பிற்காலம்

இசுக்காட்லாந்து ஏரிகளின் ஆழங்களை அளந்தார். 1910 இல் வட அட்லாண்டிக்கில் மைக்கேல் சார்சு கப்பல் ஆய்வை நார்வேயின் யோகான் யோர்ட்டுடன் நடத்தினார். 1914 இல் கார் விபத்தில் இறந்தார். இவர் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு 1933-34 இல் மபாகிசு என்னும் எகிப்தியக் கப்பல் அரபிக்கடலை ஆராய்ந்தது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முன்னாள் இயக்குநர் சீமோர் சீவெல் அதற்குத் தலைமை தாங்கினார். அரபிக்கடலின் மரே முகடு இவர் பெயரைத் தாங்குகிறது.

இந்தியாவின் கவேசனி கப்பல் 1981 சனவரி 26 அன்று இந்தியப் பெருங்கடல் தரையிலிருந்து முடிச்சுகளை எடுத்தது. நடு இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில் இந்தியா வைத்துக்கொண்ட 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 38 கோடி டன் முடிச்சுகள் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2021 இல் வராகா என்னும் ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் இயக்கிச் சோதித்தது.