யாழ் தேடிய அடிகளார்

மாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் வடபால் ஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலை விளங்குகிறது. தென்கரையில் பத்திரகாளி அம்மன் கோயில் கொண்ட சம்பூர் இருக்கிறது. வயலும் கடலும் வாழ்வளிக்கும் கீழ்க்கரை ஊர்களிலே கோயில் விழா என்றால் பாட்டும் பொங்கலும் பிரியாமல் நிற்பன. உடுக்கொலி எழும், அம்மனைப் போற்றும் பாடல் எழும், புத்தரிசியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து பானை பொங்கும். வந்தவர் எவராயினும் பசியோடு திரும்புவதில்லை. அன்னத்தையும் இசையையும் ஒரே முற்றத்தில் வைத்து வழங்கிய இந்த மண்தான், தமிழிசையின் இழந்த பெருஞ்செல்வமொன்றைத் தேடிய விபுலாநந்த அடிகளாரை நமக்குத் தந்தது.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கண்ணகை அம்மன் கோயிலாற் புகழ் பெற்ற காரைதீவில், 1892 மார்ச்சு 27-ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அவர் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். வைகாசித் திங்களிற் கீழ்மாகாணத்துக் கண்ணகி கோயில்களில் வழக்குரை படிப்பர். சினந்தெழுந்த அன்னையின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடுவர். கற்றோர்க்கு ஏட்டிலே காப்பியமாக இருக்கும் சிலம்பு, அப்பகுதி உழவர்க்கு ஆண்டுதோறும் நிகழும் வழிபாடு. அச்சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு இளங்கோவடிகள் தொலைதூரப் புலவராகத் தோன்றியிருக்க இயலுமா?

சிலம்பை ஊன்றிப் பார்ப்போர் ஓர் உண்மையை உணர்வர். அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் திறத்தை விரித்துரைத்த அதே கவிஞர், கொலைக்களக் காதையில் ஓர் எளிய அடுக்களையையும் காட்டுகிறார். மாதரி தந்த அரிசியையும் காய்களையும் கொண்டு கண்ணகி தன் மெல்விரல் சிவக்கச் சமைக்கிறாள்; ஐயை வைக்கோலால் தீ மூட்டுகிறாள்; பனையோலைத் தவிசில் அமர்ந்த கோவலனுக்கு வாழையின் குருத்திலையில் உணவு படைக்கப்படுகிறது. அவன் உண்ட கடைசி உணவு அது. யாழின் இசையால் தொடங்கிய பிரிவு, மனைவியின் கைச்சோற்றால் ஆறியதும், அடுத்த நாழிகையே அழிவு வருகிறது. ஈழத்துக் கீழ்க்கரை மக்கள் கண்ணகியை ஏன் குளிர்விக்க முனைந்தனர் என்பது இவ்விடத்தைப் படிப்போர்க்கு விளங்கும்.

மயில்வாகனனார் கற்ற கல்வி இருபாற்பட்டது. 1916-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்விலே தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைவரானார். உயர்பதவிகள் காத்திருந்த வேளையில், 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் துறவு ஏற்று விபுலாநந்தர் ஆனார்.

துறவு அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரி அவர் மேற்பார்வையில் வளர்ந்தது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். இமயச் சாரலின் மாயாவதியிலே ஆங்கில ஏடொன்றின் ஆசிரியராகவும் பணி புரிந்தார்.

இத்தனை அலுவல்களுக்கும் இடையே அவர் நெஞ்சை விட்டு நீங்காதது ஒரு வினா. பாணர் கையில் பண் சுமந்த யாழ் எங்கே போயிற்று? பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் பெயர்கள் மட்டும் ஏட்டில் எஞ்சின. கருவி மறைந்தது, கேட்ட செவியும் மறைந்தது, உரையாசிரியர் காலத்திலேயே பொருள் மங்கிவிட்டது. வேறு பலர் வருந்தி விட்ட இடத்தில் அடிகளார் அளவுகோலை எடுத்தார். நரம்பின் நீளம் குறையச் சுருதி எவ்வளவு ஏறும் என்பதைக் கணித வழியாலே ஆராய்ந்தார். அரும்பதவுரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் அக்கணக்கோடு ஒத்துப் பார்த்தார். இலக்கணப் பண்டிதரும் பௌதிக ஆசிரியரும் ஒருவராகவே இருந்தமையால் இஃது இயன்றது. பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனே ‘யாழ் நூல்’. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள் கொண்ட அந்நூலிலே தேவாரப் பண்களுக்கென்றே ஓர் இயல் அமைந்தது.

1947 சூன் 5, 6 ஆகிய நாட்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. வெள்ளம் பெருகிய ஆற்றிலே ஓடம் கரை சேரச் சம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. மறதி வெள்ளத்தைக் கடந்து யாழ் கரையேறுவதற்கு அதனினும் பொருத்தமான இடம் ஏது? நூலின் முறைப்படி செய்வித்த யாழ்களை அறிஞரும் கலைஞரும் கண்டு மகிழ்ந்தனர். ஆயின் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நாற்பத்து மூன்று நாள் கழித்து, சூலை 19-இல், அடிகளார் மறைந்தார். சிவாநந்த வித்தியாலய வளவிலே அவர் உடல் அடக்கமாயிற்று.

அவர் முடிபுகளிற் சிலவற்றை இசையறிஞர் பின்னர் மறுத்து ஆராயலாம். ஆராய்ச்சியின் இயல்பு அது. இழந்ததை இழந்ததென்றே விட்டுவிடலாகாது என்னும் உறுதியை யாரும் மறுக்க இயலாது. சம்பூர் மக்கள் 2006-இல் போரினால் ஊரை இழந்தனர்; 2015 முதல் படிப்படியாக மீண்டனர். ஊர் மீள்வதென்பது கூரை மீள்வது மட்டுமன்று. பாட்டும் பொங்கலும் மீள வேண்டும். அவற்றை அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கும் பணி, இன்றைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அடிகளார் விட்டுச்சென்ற பணியேயாம்.