விரல்கள் அறிந்த தாளம்

டெட்ராய்ட் என்றதும் பொருளியல் பயின்ற எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கார் தொழிற்சாலை. ஒரே அளவில் வார்த்தெடுக்கும் உற்பத்தி. அந்நகரில் 1974இல் பிறந்த ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா, தாள இயந்திரத்தை அதற்கு நேர்மாறாகக் கையாண்டார். விரலின் பிசிறைத் திருத்தி, ஒவ்வோர் அடியையும் ஒழுங்கில் நிறுத்தும் வசதி அதில் இருந்தது. பல வேளைகளில் அவர் அதை அணைத்துவைத்தார். சற்றே முந்தியும் பிந்தியும் விழுந்த அடிகளில் மனித நடை புலப்பட்டது. பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளைக் கோத்து, 31 சிறு ஆக்கங்கள் அடங்கிய ‘டோனட்ஸ்’ தொகுப்பைக் கடும் நோயினூடே உருவாக்கினார். 2006 பிப்ரவரி 7, தம் 32ஆம் பிறந்தநாளில் அது வெளிவந்தது. மூன்று நாள் கழித்து மறைந்தார். அவர் கருவி இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உழைப்பை இயந்திரம் விழுங்கிவிடுமோ என்று அஞ்சும் இக்காலத்தில், கருவியின் அளவுக்குத் தம்மைக் குறுக்கிக்கொள்ளாத அந்த விரல்களை நினைவுகூர்வது தகும்.