மாணவிக்காக அணிநூல் எழுதிய மகாகவி கேசவதாஸ்

டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் போய் வரும் நம்மவர்கள் ஜான்ஸி நகரைக் கடக்காமல் இருக்க முடியாது. அங்கிருந்து சிறிது தூரத்தில் பேத்வா ஆற்றங்கரையில் ஓர்ச்சா என்ற சிற்றூர் இருக்கிறது. புந்தேல ராஜபுத்திர மன்னர்களின் பழைய தலைநகர் அது. கோட்டைக்குள்ளே அரண்மனைகளின் அருகில், தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய மாளிகையும் உண்டு. பிரவீண் ராய் மஹால் என்று அதற்குப் பெயர். அந்த மாளிகைக்குரியவள் ஒரு நடன மாது. அவளுக்குக் கவிதை கற்பிப்பதற்காகவே ஒரு பெருங்கவிஞர் நூல் இயற்றினார். அவர்தான் கேசவதாஸ்.

பண்டிதர் குடும்பம்

கேசவதாஸ் 1555-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். தந்தை காசிநாத் மிஸ்ரா. பாட்டனார் கிருஷ்ணதத்த மிஸ்ரா. இருவருமே ஓர்ச்சா மன்னர்களால் மதிக்கப்பெற்ற வடமொழிப் பண்டிதர்கள். தமையன் பலபத்ர மிஸ்ராவும் கவிஞரே. அந்த வீட்டில் வேலைக்காரர்கள்கூட சமஸ்கிருதம் தவிர வேறு பேச அறியார்கள் என்று கேசவதாஸே ஓரிடத்தில் எழுதுகிறார். அப்படிப்பட்ட குலத்தில் பிறந்து, பேச்சு மொழியில் பாட வந்த மந்தமதி தாம் என்று தம்மையே இகழ்ந்தும் கொள்கிறார்.

இது வெறும் அவையடக்கம் அன்று. மக்கள் மொழியில் எழுதுவது பண்டிதர்களுக்கு அந்நாளில் கௌரவக் குறைவு. இருந்தும் அவர் விரஜ மொழியையே தேர்ந்துகொண்டார். வடமொழி அறியாதவருக்கு இலக்கணக் கதவு அடைத்தே கிடந்தது. அதைத் திறந்துவிட்டவர் இவர்.

ஆதரித்த இளவரசர்

மன்னர் மதுகர் ஷாவுக்குப் பின் 1592-ல் மூத்த மகன் ராம் ஷா பட்டத்துக்கு வந்தார். அவருடைய தம்பி இந்திரஜித் சிங் கலைப்பித்தர். கேசவதாஸைக் குருவாகவே கொண்டாடி, 21 கிராமங்களை மானியமாக வழங்கினார் என்பார்கள். அவருடைய ஆதரவில் 1591-ல் 'ரசிகப்பிரியா' வெளிவந்தது. நாயகன், நாயகி, ஒன்பான் சுவை ஆகியவற்றை விளக்கும் நூல் அது. ராஜஸ்தானத்து ஓவியர்கள் பிற்காலத்தில் அதன் பாடல்களுக்குத் தீட்டிய சித்திரங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

இந்திரஜித்தின் சபையில் பாடியும் ஆடியும் வந்த பெண்களில் முதன்மையானவள் பிரவீண் ராய். அவள் கவி பாடவும் விரும்பினாள். அவளை மனத்தில் வைத்து 1601-ல் கேசவதாஸ் இயற்றியதே 'கவிப்பிரியா'. பெண்களும் சிறுவர்களும் கவிதையின் ஆழம் காணாத வழியை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நூலின் நோக்கம்.

பாடம் சொன்ன முறை

நல்ல ஆசிரியர் எடுத்த எடுப்பில் சூத்திரத்தைச் சொல்லி மாணவனை மிரட்டமாட்டார். கேசவதாஸ் முதலில் குற்றங்களைக் காட்டுகிறார். அதையும் உருவகமாகவே காட்டுகிறார். கவி மரபுக்கு மாறான பாட்டு குருடு. சொற்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் செவிடு. யாப்பு பிழைத்தால் நொண்டி. அணி இல்லாவிட்டால் அம்மணம். பொருளே இல்லாவிட்டால் பிணம். இப்படி ஒருமுறை கேட்டவன் மறப்பானா? உருவகத்தின் இலக்கணத்தைப் படிக்கும் முன்பே மாணவி உருவகத்தின் பயனை உணர்ந்துவிடுகிறாள்.

அடுத்து, ஒப்பிடுவதற்கு வேண்டிய பண்டங்களைச் சேகரித்துக் கொடுக்கிறார். வெண்மையானவை எவை, கருமையானவை எவை, வளைந்தவை எவை, கூரியவை எவை, மென்மையானவை எவை என்று வகைப்படுத்துகிறார். புகழுக்கு வெண்மை என்பது போன்ற கவி மரபுகளும் இதில் அடங்கும். நகரம், காடு, அரசவை முதலியவற்றை வருணிக்கும் முறையும் உண்டு. இவற்றுக்குப் பொது அணி என்று பெயரிட்டார். கையில் சாமான் சேர்ந்த பிறகுதான் உவமை, உருவகம், சிலேடை முதலிய சிறப்பு அணிகளுக்குப் போகிறார். உதாரணச் செய்யுள்களையும் தாமே பாடினார். சிலவற்றில் மாணவியையே கலைமகளோடு ஒப்பிட்டு, ஒரே சொல் இருவருக்கும் பொருந்துமாறு அமைத்தார்.

இந்தப் பாடங்களில் பெரும்பகுதிக்கு மூலம் ஆசாரியர் தண்டியின் 'காவ்யாதர்சம்'. தண்டியோ நம் காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்தவர். அதே நூலைத் தழுவியதுதான் நம் மாணவர்கள் படிக்கும் தண்டியலங்காரமும். காஞ்சியில் ஊறிய ஊற்று தமிழிலும் பாய்ந்தது. பேத்வா கரையிலும் பாய்ந்தது.

மாணவி தேறிய கதை

அவள் பாடம் கற்றதற்குச் சான்றாகப் புந்தேல்கண்டில் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. பிரவீண் ராயின் புகழ் கேட்ட அக்பர் பாதுஷா அவளைத் தம் அரண்மனைக்கு அனுப்பும்படி கட்டளையிட்டாராம். இந்திரஜித் மறுக்கவே, ஒரு கோடி அபராதம் விதிக்கப்பட்டதாம். கேசவதாஸ் ஆக்ராவுக்குச் சென்று, பீர்பலின் உதவியால் அபராதத்தை நீக்கச் செய்தார் என்பது கதை.

ஆனாலும் அவள் சபைக்குப் போக நேர்ந்தது. சக்கரவர்த்தியிடம் மாட்டேன் என்று நேரே சொன்னால் தலை தப்புமா? எனவே அவள் ஒரு சிறு செய்யுள் பாடினாள். எச்சில் இலையில் உண்பவர் கடைநிலை ஏவலரும் காக்கையும் நாயுமே என்பது அதன் கருத்து. பாதுஷா பொருளை உணர்ந்து, அவளை மரியாதையுடன் ஊருக்கு அனுப்பினாராம். கட்டளையால் காக்க முடியாத மானத்தை ஓர் உவமை காத்தது.

மாறிய காலம்

கேசவதாஸின் பிற்கால வாழ்வு சுகமானதாக இல்லை. ராம் ஷாவின் மற்றொரு தம்பி வீர்சிங் தேவ், 1602-ல் இளவரசர் சலீமுக்காக அபுல் ஃபசலைக் கொன்றவர். சலீம் 1605-ல் ஜஹாங்கீராக முடிசூடியதும் ஓர்ச்சா ஆட்சி வீர்சிங் கைக்குப் போயிற்று. இந்திரஜித்தின் பக்கம் சாய்ந்தது. கவிஞரோ புது மன்னரையும் பாட வேண்டியதாயிற்று. 1607-ல் அவருடைய சரிதத்தையும், 1612-ல் ஜஹாங்கீரின் புகழையும் பாடினார். இடையே 1610-ல் 'விஞ்ஞான கீதை' என்ற ஞான நூல். கங்கைக் கரையில் இறுதி நாட்களைக் கழிக்கும் விருப்பம் அவர் மனத்தில் எழுந்துவிட்டது. 1617-ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தார்.

கிணற்றடியில் இளம்பெண்கள் தம்மைத் தாத்தா என்று அழைத்ததற்குக் கேசவன் தம் நரைத்த கேசத்தை நொந்துகொண்டாராம். முதுமையிலும் சிலேடை அவரை விடவில்லை!

பிற்காலத் திறனாய்வாளர்கள் அவரைக் கடினமானவர், இதயம் குறைந்த பண்டிதர் என்று சாடியதுண்டு. ஆயினும் ஹிந்தி உலகின் பழைய மதிப்பீடு வேறு: சூர்தாஸ் சூரியன், துளசிதாஸ் சந்திரன், கேசவதாஸ் நட்சத்திரக் கூட்டம்.

அந்த மதிப்பீடும் உருவகமாகவே அமைந்துவிட்டது. அணி கற்பித்த ஆசிரியருக்கு வேறென்ன குருதட்சிணை வேண்டும்?