காட்டு வளம் படித்தவர், இயற்பியல் எழுதியவர்: யார் இந்த யாகவ் பெரெல்மான்?

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதங்கள் நாற்காலிக்கு அடியில் போகாமல் முன்னால் இருக்கட்டும். இப்போது உடம்பை முன்னால் சாய்க்காமல், காலை நகர்த்தாமல், எதையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள்.

முடியலையா? தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் இதே கதிதான். உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அது பாதங்களுக்கு நேர் மேலே வந்தால்தான் நிற்க முடியும். ஒவ்வொரு முறை எழும்போதும் நம்மை அறியாமலே முன்னால் குனிவது அதற்காகத்தான்.

இதைச் சொல்லித் தருகிற புத்தகம் 'பொழுதுபோக்கு இயற்பியல்'. முதல் பதிப்பு 1913-ல் ரஷ்யாவில் வந்தது. எழுதியவர் யாகவ் பெரெல்மான். அவர் இயற்பியல் பேராசிரியர் கிடையாது. புதிதாக எந்த விதியையும் கண்டுபிடிக்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கியதோ காட்டு வளத் துறையில்.

உலகம் அழியப் போகுதா?

பெரெல்மான் 1882-ல் பியாலிஸ்டாக் ஊரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசு, இன்று போலந்து. துணி ஆலையில் கணக்கு எழுதிய அப்பா, அடுத்த வருடமே இறந்துவிட்டார். பள்ளி ஆசிரியையான அம்மாதான் இரண்டு பையன்களையும் வளர்த்தார். அண்ணன் ஓசிப் பின்னாளில் நாடக எழுத்தாளராகி அமெரிக்காவுக்குப் போனார்.

1899-ல் ஊர் முழுக்க ஒரு பீதி. நவம்பரில் வானத்திலிருந்து நெருப்பு மழை கொட்டும், உலகமே முடிந்துவிடும் என்று பேச்சு. வாட்ஸ்அப் இல்லாத காலத்து ஃபார்வர்டு! பதினாறு வயது பெரெல்மான் அந்தப் பகுதிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். முழுப் பெயர்கூடப் போடவில்லை, வெறும் இனிஷியல்தான். வரப்போவது லியோனிட் எரிநட்சத்திரக் கூட்டம், சுமார் 33 ஆண்டுக்கு ஒருமுறை அது நிறையத் தெரியும், அந்தத் துகள்கள் காற்று மண்டலத்திலேயே எரிந்துபோகும், தரையில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று விளக்கினார். பயந்தவர்களை அவர் கேலி செய்யவில்லை. வானத்தை ரசிக்கச் சொன்னார். நவம்பரும் வந்தது. நெருப்பு மழையைக் காணோம். வானியலாளர்கள் எதிர்பார்த்த எரிநட்சத்திர மழைகூட அந்த வருடம் ஏமாற்றிவிட்டது.

1901-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வனவியல் கழகத்தில் சேர்ந்தார். கூடவே 'இயற்கையும் மனிதர்களும்' என்ற வார இதழில் எழுத ஆரம்பித்தார். 1909-ல் பட்டம் வந்தபோது, காட்டு வேலைக்குப் போகாமல் பத்திரிகையிலேயே தங்கிவிட்டார். அந்த இதழை நடத்திய பதிப்பாளர் சோய்கின்தான் 1913-ல் அவருடைய முதல் புத்தகத்தை வெளியிட்டார். அன்றைய பெரிய இயற்பியலாளர் ஓரெஸ்ட் குவோல்சன் அதைப் படித்துவிட்டு, எழுதியவர் வனவியல் படித்தவர் என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டார். தொடர்ந்து எழுதச் சொல்லி ஊக்கமும் கொடுத்தார்.

தெரிந்ததைத் தெரிந்துகொள்வது

இளைஞர்களுக்கான அறிவியல் புத்தகம் என்றால் பொதுவாக எப்படி இருக்கும்? உலகின் மிகப் பெரியது, மிக வேகமானது, மிகப் பழையது என்று ஆச்சரியங்களை அடுக்கும். படித்து முடித்ததும் மறந்துவிடும். பெரெல்மான் வேறு பாதையில் போனார். புதுத் தகவல் தருவது தன் முதல் நோக்கம் இல்லை, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவரே சரியாகப் புரிந்துகொள்ள உதவுவதுதான் வேலை என்று முன்னுரையிலேயே தெளிவாக்கிவிட்டார்.

அதனால்தான் அவர் கேள்விகள் வீட்டுக்குள்ளிருந்தும் தெருவிலிருந்தும் கிளம்புகின்றன. வேக வைத்த முட்டையையும் பச்சை முட்டையையும் உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றிவிட்டுப் பாருங்கள். வெந்தது பம்பரம் மாதிரி சுற்றும். பச்சை முட்டை தள்ளாடும், உள்ளே இருக்கிற திரவம் ஓட்டோடு சேர்ந்து உடனே சுற்றாது. ஓடுகிற சக்கரத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே வேகத்திலா போகின்றன? இல்லை. தரையைத் தொடும் புள்ளி அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது, உச்சிப் புள்ளி வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. உங்கள் பைக் சக்கரமும் அப்படித்தான்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் தலை சுற்ற வைக்கும். சூரியனைச் சுற்றி நாம் எப்போது வேகமாகப் போகிறோம், நடுப்பகலிலா நள்ளிரவிலா? பூமி நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. கூடவே தன்னைத் தானேயும் சுற்றுகிறது. நள்ளிரவில் இரண்டும் ஒரே திசை, நடுப்பகலில் எதிரெதிர் திசை. ஓடும் ரயிலுக்குள் இன்ஜின் பக்கமாக நடப்பதற்கும் கார்டு பக்கமாக நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஆக, தூங்கும்போதுதான் வேகம் அதிகம். நிலநடுக்கோட்டில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் நொடிக்கு ஒரு கிலோமீட்டரை நெருங்குகிறது.

செய்தித்தாளையும் அவர் விடவில்லை. 1924-ல் லெனின்கிராட்டிலிருந்து டிஃப்லிஸுக்கு நடந்த கார் பந்தயத்தில், வழியில் இருந்த விவசாயிகள் அன்போடு தர்பூசணிகளைக் கார்களை நோக்கி வீசினார்கள். காரே வேகமாக வருவதால் பழம் குண்டாக மாறியது. பெரெல்மான் கணக்குப் போட்டார்: மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் காரில் மோதும் 4 கிலோ தர்பூசணிக்கும் 10 கிராம் துப்பாக்கிக் குண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆற்றல். பள்ளியில் மனப்பாடம் செய்த இயக்க ஆற்றல் சூத்திரம்தான் இது. ஆனால் இதைப் படித்தவர் அதை மறக்க மாட்டார்.

இன்று புரட்டினால் சில பக்கங்கள் பழசாகத் தெரியும், குதிரை வண்டி எல்லாம் வரும். அவரோ ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றிக்கொண்டே இருந்தார். 1936-க்குள் 13 பதிப்புகள். நடுவில் கணிதம், வானியல் என்று அதே பாணியில் வரிசையாகப் புத்தகங்கள். 1917 புரட்சிக்குப் பிறகு பள்ளிப் பாடத்திட்ட வேலையும் பார்த்தார்.

ராக்கெட்டுக்கு முன்னால் ராக்கெட்

ஜூல்ஸ் வெர்னின் நிலவுப் பயணக் கதையில் ஒரு தப்பு உண்டு. பீரங்கியில் கிளம்பிய பயணிகள், பூமியின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் சமமாகும் ஓர் இடத்தில் மட்டும் எடையை இழக்கிறார்கள். உண்மையில் பீரங்கியை விட்டு வெளியே வந்து காற்று மண்டலத்தைத் தாண்டியதுமே எடை போய்விட வேண்டும். கூண்டும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே மாதிரி வேகம் மாறிப் போகும்போது யாரும் யார் மீதும் அழுத்த முடியாது. கயிறு அறுந்த லிஃப்ட்டை நினைத்துப் பாருங்கள். பெரெல்மான் 1914-ல் அந்தக் கதைக்கு ஓர் அத்தியாயத்தைத் தானே எழுதிச் சேர்த்தார். எடையில்லாத அறையில் காலைச் சாப்பாடு செய்தால் என்ன ஆகும்? பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. வெளியே வந்தால் உருண்டையாக மிதக்கும். ககாரின் விண்வெளிக்குப் போனது இதற்கு 47 ஆண்டுகள் கழித்து.

1915-ல் 'கோள்களுக்கிடையே பயணம்' வந்தது. ராக்கெட் கோட்பாட்டின் முன்னோடி த்சியோல்கோவ்ஸ்கி ஊர்ப்புறப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பலருக்குப் புரியாமல் கிடந்தார். அவர் சொன்னதைப் பொதுமக்கள் மொழிக்குக் கொண்டுவந்ததில் பெரெல்மானுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-களில் ராக்கெட் பொறியாளர் கோரலேவும் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தார். முதல் செயற்கைக்கோளை 1957-ல் அனுப்பியது அந்தக் கோரலேவின் குழுதான்.

தொட்டுப் பார்க்கலாம்

1935 அக்டோபரில் லெனின்கிராட்டின் ஃபோன்டாங்கா கரையில், பழைய ஷெரெமெத்தியேவ் மாளிகையில், 'பொழுதுபோக்கு அறிவியல் இல்லம்' திறந்தது. அவருடைய புத்தகமே கட்டடமாக எழுந்த மாதிரி. பொருட்களைத் தொடாதே என்று யாரும் அதட்டவில்லை, தொட்டுத் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் அவை வைக்கப்பட்டிருந்தன. ஓர் இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், மொத்தம் சரியாகப் பத்து லட்சம். பத்து லட்சம் என்று வாயால் சொல்வது சுலபம். நொடிக்கு ஒன்றாக, தூங்காமல் எண்ணினாலும் பதினொன்றரை நாள் ஆகும். அதை ஒரே பார்வையில் காட்டியது அந்த இடம்.

1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் இல்லம் மூடப்பட்டது. செப்டம்பரில் நகரமே முற்றுகைக்குள் சிக்கியது. நவம்பர் 20 முதல் அலுவலகப் பணியாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளுக்கு 125 கிராம் ரொட்டி, அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, டிராம் நின்றுபோனது.

பெரெல்மானுக்கு அப்போது 58 வயது, உடம்பில் தெம்பில்லை. அந்த நிலையிலும் லெனின்கிராட் முனையின் வேவு வீரர்களுக்கும் பால்டிக் கடற்படை வீரர்களுக்கும் வகுப்பெடுத்தார். கருவி இல்லாமல் திசை கண்டுபிடிப்பது எப்படி, நீட்டிய கையின் விரலை வைத்து எதிரே உள்ள பொருளின் தூரத்தைக் கணக்கிடுவது எப்படி. இளைஞர்களுக்காக வருடக்கணக்கில் எழுதிய விளையாட்டுக் கணக்குகள்தான் இவை. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் இப்போது உயிர் போகும்.

டாக்டரான மனைவி அன்னா 1942 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு மார்ச் 16 அன்று பெரெல்மானும் பசியால் இறந்தார். முற்றுகை முழுமையாக நீங்கியது 1944 ஜனவரியில். இல்லத்தில் இருந்த காட்சிப் பொருட்கள் போரில் அழிந்துபோயின.

புத்தகங்கள் மட்டும் நிற்கவில்லை. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் அவற்றை மொழிபெயர்த்து உலகம் முழுக்க அனுப்பியது. சோவியத் நூல்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்தியாவிலும் நிறையப் பேர் கைக்கு அவை வந்தன. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரெல்மான் என்று கூகுளில் தேடினால் முதலில் வருகிறவர் பெரும்பாலும் வேறொருவர்: 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வேண்டாம் என்று மறுத்த லெனின்கிராட் கணிதவியலாளர் கிரிகோரி பெரெல்மான். இருவரும் உறவினர்கள் இல்லை. ஆனால் கிரிகோரி சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா வாங்கித் தந்த புத்தகங்களில் ஒன்று, 'பொழுதுபோக்கு இயற்பியல்'.